முப்பது மெஷினுக்கும் ஒரே பெயரா?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த சங்கச் செயலாளர், "தன்னம்பிக்கை, நேரத்தின் அருமை, தாய்மை இந்த மூணும் வேண்டாம், போன வருஷமே போதும் போதும்னு ஆயிடுச்சு" என்று சொல்லித்தான் தாளைக் கையில் கொடுத்தார். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தையே எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குப் பெயர் வைப்பதைப் பற்றி. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்களுக்கும் வாரம் ஒரு நாள் அதே லேப்தான்.

நம்முடைய இரண்டாம் மாடி லேபில் முப்பது மெஷின்கள் இருக்கின்றன. முப்பதுக்கும் ஒரே பெயர். நம்பிக்கை இல்லாதவர்கள் அடுத்த பீரியடில் லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'ஹோஸ்ட்நேம்' என்று அடித்துப் பாருங்கள். "லேப்" என்று பதில் வரும். பக்கத்து சீட்டில் எட்டிப் பாருங்கள், அங்கேயும் "லேப்"தான். காரணம் ஒன்றும் ரகசியமில்லை. ஒரு மெஷினில் எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்துவிட்டு, அந்த டிஸ்க்கை அப்படியே மற்ற இருபத்தொன்பதுக்கும் காப்பி அடித்திருக்கிறார்கள். வேலையை மிச்சப்படுத்த எல்லோரும் செய்கிற வழிதான் அது, அதில் குற்றமில்லை. ஆனால் காப்பி அடித்த பிறகு ஒவ்வொன்றிலும் செய்ய வேண்டிய இரண்டு வரி வேலை பாக்கி நிற்கிறது. அந்த இரண்டு வரியை எழுத வேண்டும், அதையும் மாணவர்களாகிய நாமே எழுத வேண்டும் என்பதுதான் என் அபிப்பிராயம்.

அந்த இரண்டு வரி எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெஷினை ஆன் செய்ததும் கெர்னல் மெமரிக்குள் ஏறுகிறது. அந்தக் கணத்தில் அதற்குப் பெயர் கிடையாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலில், ஹோஸ்ட்நேம் என்ற இடத்தில் வழக்கமாக எழுதி வைத்திருப்பது அடைப்புக்குறிக்குள் 'நன்' என்ற ஒரு வார்த்தை. நன் என்றால் ஒன்றுமில்லை. டிஸ்க் எது, நெட்வொர்க் கார்டு எது, மெமரி எவ்வளவு என்பதையெல்லாம் கெர்னல் தானே தட்டித் தடவிக் கண்டுபிடித்துவிடும். தன் பெயரை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. வேறு யாராவது சொல்ல வேண்டும்.

சொல்வது யார் என்றால், கெர்னல் முதன்முதலாக ஓடவிடுகிற புரோகிராம், அதாவது ஒன்றாம் நம்பர் பிராசஸ். இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸில் அதன் பெயர் சிஸ்டம்டி. அது தன் வேலையைத் தொடங்கும்போதே, 'ஈடிசி' டைரக்டரியில் 'ஹோஸ்ட்நேம்' என்ற ஃபைலைத் திறக்கிறது. அந்த ஃபைலில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். அதைப் படித்து 'செட்ஹோஸ்ட்நேம்' என்கிற சிஸ்டம் கால் மூலம் கெர்னலிடம், "இன்றைக்கு உன் பெயர் இது" என்று சொல்கிறது. ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் இதே கதைதான். ராத்திரி கரண்ட் போனால் பெயரும் போச்சு. காலையில் மறுபடியும் பெயர் சூட்டு விழா. ஃபைலே இல்லாவிட்டால் டிஹெச்சிபி சர்வர் ஒரு பெயர் தரலாம். அதுவும் இல்லாவிட்டால் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று வைத்துக்கொள்ளும். டேய், தம்பி, ஏய் என்று கூப்பிடுகிற மாதிரி ஒரு பொதுப்பெயர்.

சிஸ்டம்டி 2010இல் வந்தது. அதற்கு முன்பு ஆளாளுக்கு ஒரு இடம் வைத்திருந்தார்கள். டெபியனில் இதே ஃபைல்தான், ஆனால் அதைப் படிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். ரெட்ஹாட்டின் பழைய பதிப்புகளில் 'சிஸ்கான்ஃபிக்' டைரக்டரிக்குள் நெட்வொர்க் என்ற ஃபைலில் ஒரு வரி. ஸ்லாக்வேரில் ஃபைலின் பெயரே முழுக்கப் பெரிய எழுத்தில். ஃபிரீபிஎஸ்டியில் இன்றும் 'ஆர்சி டாட் கான்ஃப்'. இடம் எங்கே இருந்தாலும் நடப்பது ஒன்றுதான்: டிஸ்க்கில் ஒரு வரி, பூட் ஆகும்போது அதைப் படித்துக் கெர்னல் காதில் ஓதுகிற ஒருவர். விண்டோஸிலும் அப்படித்தான். ரெஜிஸ்ட்ரியில் இரண்டு இடம் வைத்திருக்கிறார்கள். ஒன்றில் அடுத்த தடவை பூட் ஆகும்போது வர வேண்டிய பெயர், இன்னொன்றில் இப்போது நடைமுறையில் இருக்கும் பெயர். அதனால்தான் விண்டோஸில் பெயரை மாற்றினால் ரீஸ்டார்ட் செய்யச் சொல்கிறது.

நம்முடைய ரெக்கார்டு நோட்டில் 'ஹோஸ்ட்நேம்' கட்டளை இருக்கிறது. நோக்கம், கட்டளை, அவுட்புட், "இவ்வாறாகச் சோதனை வெற்றிகரமாக முடிந்தது" என்று நான்கு தலைப்பில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். அந்தக் கட்டளையோடு ஒரு புதுப் பெயரையும் சேர்த்து அடித்தால் பெயர் மாறும் என்று எழுதியிருக்கிறோம். மாறும், வாஸ்தவம். ஆனால் மெஷினை ஆஃப் செய்து ஆன் செய்தால் பழைய பெயர் திரும்ப வந்துவிடும். ஏனென்றால் அந்தக் கட்டளை கெர்னலிடம் மட்டும்தான் பேசுகிறது, ஃபைலைத் தொடுவதில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்வது 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' என்ற கட்டளை. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள ஒரே வழி, மாற்றிப் பார்த்துவிட்டு ரீபூட் செய்வதுதான். நம் லேபிலோ ரீபூட் செய்தால் திட்டு விழும். பெயரை மாற்ற ரூட் அனுமதி வேண்டும், அது நமக்குக் கிடையாது. ஆகவே நோட்டில் அவுட்புட்டைக் கையால் எழுதிக்கொண்டோம். முப்பது பேர் நோட்டிலும் ஒரே அவுட்புட்.

இரண்டாவது வரியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது 'ஈடிசி'யிலேயே 'ஹோஸ்ட்ஸ்' என்கிற இன்னொரு ஃபைலில் இருக்கிறது. கடைசியில் ஒரு 'எஸ்' உண்டு, கவனியுங்கள். எந்தப் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்பதைக் கையால் எழுதி வைக்கும் பட்டியல் அது. டெபியன், உபுண்டு குடும்பத்தில் 127.0.1.1 என்ற முகவரிக்கு எதிரே மெஷினின் சொந்தப் பெயரை எழுதி வைப்பார்கள். முதல் ஃபைலில் பெயரை மாற்றிவிட்டு இந்தப் பட்டியலில் மாற்றாமல் விட்டால், 'சூடோ' அடிக்கும்போது, இந்த ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி முனகும். மெஷினுக்குத் தன் பெயர் தெரியும், ஆனால் அந்தப் பெயருக்கு உரிய ஆள் தான்தான் என்பது தெரியாது. சில புரோகிராம்கள் கிளம்புவதற்கே நேரம் எடுத்துக்கொள்ளும், யாரிடமோ விசாரித்து விசாரித்துக் களைத்த பிறகு ஓடும்.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இது என் கதை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டி மேலே படிக்க வந்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கைநாட்டு. அப்பா கையெழுத்துப் போடுவார், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை, அந்தக் கையெழுத்தை ஒரு படமாகத்தான் வரைகிறார். என் பெயரில் ஒரு 'ழ' இருக்கிறது. அதை இங்கிலீஷில் ஒரு சான்றிதழில் 'இசட் ஹெச்' என்று எழுதினார்கள். ஓர் அட்டையில் வெறும் 'எல்'. பாஸ்புக்கில் 'எல்' இரண்டு தடவை. மூன்றும் நான்தான். ஆனால் உதவித்தொகை வரவேண்டிய வருஷம், மூன்றையும் ஒத்துப் பார்த்த கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லவில்லை. பணம் நான்கு மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்குள் அப்பா மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு அலைந்தார். ஒவ்வொரு கவுண்டரிலும், "சார், இது எம் புள்ளைதான் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாட்சி சொல்ல வேண்டியது அப்பா இல்லை, இரண்டு இடத்தில் ஒரே மாதிரி எழுதப்பட்ட பெயர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? நம்மில் பாதிப் பேருக்கு இந்த அனுபவம் இருக்கும். பெயர் என்பது கூப்பிடுவதற்கு மட்டும் இல்லை, இரண்டு பதிவேடுகள் ஒன்றையொன்று நம்புவதற்கும்தான். அதனால் மற்றவர்களைவிட நமக்குத்தான் இந்த இரண்டு ஃபைல் சமாசாரம் சீக்கிரம் புரியும் என்று நினைக்கிறேன்.

சரி, முப்பது மெஷினுக்கும் ஒரே பெயர் இருந்தால் என்ன குடிமுழுகிப் போச்சு என்று கேட்பீர்கள். போன மாடல் பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? அவுட்புட்டை சர்வருக்கு அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட் கொடுத்தார்கள். அதை ஓட்டினால் போதும், மெஷினின் பெயரையே ஃபைல் பெயராக வைத்து அதுவே காப்பி செய்துவிடும். ஸ்கிரிப்ட் எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு மெஷினில் ஒரு மாணவர், ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பெயர் என்று யோசித்திருக்கிறார், எந்த ஊரிலும் அப்படித்தான் யோசிப்பார்கள். முப்பது பேரும் அனுப்பினோம். திரையில் "முடிந்தது" என்று வந்தது. சாயங்காலம் சர்வரில் பார்த்தால் ஒரே ஒரு ஃபைல். கடைசியாக அனுப்பியவருடையது. மற்ற இருபத்தொன்பதும் ஒன்றின் மேல் ஒன்றாக எழுதப்பட்டு அழிந்து போயிருந்தன. லேப் மெஷின்களிலோ ஆஃப் செய்தால் ஸ்டூடண்ட் ஃபோல்டர் காலியாகிவிடும்படி வைத்திருக்கிறார்கள்.

மறுபடி செய்து சனிக்கிழமைக்குள் மெயிலில் அனுப்புங்கள் என்றார்கள். வீட்டில் லேப்டாப் உள்ளவர்கள் அன்று ராத்திரியே அனுப்பிவிட்டார்கள். இல்லாதவர்களுக்கு லேப் திறந்தது திங்கட்கிழமை. எங்கள் பேட்சில் ஒரு தோழி, காலை ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள், அன்றைக்குப் புரோகிராமை முதலில் முடித்தவளே அவள்தான். முதலில் அனுப்பியதால் முதலில் அழிந்ததும் அவளுடையதுதான். செல்போனில் டைப் அடித்து அனுப்பினாள். அவுட்புட் ஸ்கிரீன் இல்லை என்று பாதி மார்க். இன்டர்னல் மார்க்கில் அந்தப் பாதி இன்னும் அப்படியே நிற்கிறது. ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதாமல் விட்டதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். லேபை மட்டுமே நம்பிப் படிக்கிறவர்கள் கொடுத்தார்கள். லேப் மெஷின்தான் எங்களுடைய ஒரே மெஷின்.

இன்னொரு வேடிக்கை. மெஷின்கள் ஒன்றையொன்று பெயர் சொல்லிக் கூப்பிட 'அவாகி' என்று ஒரு சர்வீஸ் லினக்ஸில் ஓடுகிறது. ஒரே பெயரில் இரண்டு மெஷின் வந்தால், பின்னால் வந்தது தன் பெயரோடு ஒரு கோடும் 2 என்ற எண்ணும் போட்டுக்கொள்ளும். அடுத்தது 3. அதாவது நம் லேபில் எது 'லேப்', எது 'லேப்-7' என்பதைக் காலையில் அட்டெண்டர் அண்ணன் எந்த வரிசையில் சுவிட்சைத் தட்டினார் என்பதுதான் முடிவு செய்கிறது. நேற்று 'லேப்-7' என்று தெரிந்தது இன்றைக்கு வேறு மூலையில் இருக்கும். நெட்வொர்க்கிங் பிராக்டிகலில் பக்கத்து மெஷினுக்குள் லாகின் செய்தோம் என்று நாம் எழுதியதெல்லாம் எந்த மெஷின் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

காலேஜ் லேபோடு போகிற விஷயம் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2017 ஜனவரி 31 அன்று ராத்திரி, கிட்லேப் என்ற கம்பெனியில் நடந்ததைக் கேளுங்கள். உலகமெங்கும் புரோகிராமர்கள் தங்கள் நிரலைச் சேமித்து வைக்கிற இடம் அது. அவர்களிடம் இரண்டு டேட்டாபேஸ் சர்வர்கள். ஒன்றின் பெயர் 'டிபி1', மற்றொன்றின் பெயர் 'டிபி2'. முதலாவது அசல், இரண்டாவது அதன் நகல். நகல் சரியாக வரவில்லை என்று ராத்திரி முழுக்கப் போராடிய ஒரு இன்ஜினீயர், நகலில் உள்ள டைரக்டரியை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம் என்று கட்டளை அடித்தார். ஆனால் அவர் இருந்தது டிபி2இல் இல்லை, டிபி1இல். ஓரிரு நொடியில் தெரிந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி போய், நாலரை ஜிபி மிஞ்சியது. அதிர்ஷ்டவசமாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு பிரதி இருந்தது. அந்த ஆறு மணி நேரத்தில் டேட்டாபேஸில் ஏறியது போனது போனதுதான். கம்பெனி இதை மறைக்கவில்லை. நடந்ததை முழுக்க எழுதி வெளியிட்டது, அந்த இன்ஜினீயரைப் பலி கொடுக்கவும் இல்லை. இனி என்ன செய்யப் போகிறோம் என்று போட்ட பட்டியலில், டெர்மினலில் வரும் பிராம்ப்ட்டில் எந்த மெஷின் என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்படி மாற்றுவோம் என்பதும் ஒன்று.

இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: இரண்டு பெயருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் ஒரே ஒரு இலக்கம். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் இரண்டும் எவ்வளவு தூரம்?

ஆகவே பெயர் வைத்தால் மட்டும் போதாது, பார்த்து வைக்க வேண்டும். இதற்கும் பெரியவர்கள் வழி சொல்லியிருக்கிறார்கள். ஆர்ப்பாநெட் காலத்தில் உலகத்தில் நெட்வொர்க்கில் இருந்த எல்லா மெஷின்களின் பெயரும் ஒரே ஒரு ஃபைலில் இருந்தது. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழு அதைப் பராமரித்தது. புது மெஷின் வந்தால் அவர்களிடம் சொல்லி, அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். மற்ற எல்லோரும் அந்த ஃபைலை அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். மெஷின்கள் பெருகியதும் இது தாங்கவில்லை. 1983இல் பால் மொகாபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். நம் 'ஈடிசி ஹோஸ்ட்ஸ்' அந்தப் பழைய ஃபைலின் பேரப்பிள்ளை. பெயர் எப்படி வைக்கலாம் என்பதற்கென்றே 1990இல் ஆர்எஃப்சி 1178 என்ற ஆவணம் வந்தது. எழுதியவர் டான் லிபிஸ். நம் சிலபஸில் அது இல்லை, ஆனால் சில பக்கம்தான், நல்ல நகைச்சுவையோடு இருக்கும். சொந்தப் பெயரை மெஷினுக்கு வைக்காதே, இன்றைக்கு அது செய்கிற வேலையின் பெயரை வைக்காதே, நாளைக்கு வேறு வேலைக்குப் போய்விடும் என்கிறார். ஒரு இடத்தில் ஒரு மெஷினுக்கு 'அப்' என்று பெயர் வைத்துவிட்டு, 'அப் டவுன் ஆகிவிட்டதா' என்று கேட்டுக்கொண்டு அவஸ்தைப்பட்ட கதையும் சொல்கிறார். நம்ம ஊரில் ஒரு மெஷினுக்குப் 'புதுசு' என்று வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்து, "புதுசு ரொம்பப் பழசாயிடுச்சு சார்" என்று கம்ப்ளெய்ன்ட் எழுத வேண்டியிருக்கும்.

தமிழ்ப் பெயர் வைக்கலாமா? எனக்கு ஆசைதான். ஆனால் ஹோஸ்ட்நேமில் ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரு சின்னக் கோடு இவற்றுக்குத்தான் அனுமதி. தமிழை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். அங்கேதான் வம்பு. ஐந்திணையை வைக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 'குறிஞ்சி'யை 'ஜே' போட்டு எழுதுவார் ஒருவர், 'சி ஹெச்' போடுவார் இன்னொருவர். 'மருதம்' 'டி ஹெச்'சா, வெறும் 'டி'யா? 'பாலை'க்கு எத்தனை 'ஏ'? 'யாழ்' பக்கமே போகாதீர்கள், என் கதியைப் பார்த்தீர்கள் அல்லவா. எப்படி எழுதினாலும் ஒரே மாதிரி வருகிற சொற்களாகப் பொறுக்க வேண்டும். புலி, மயில், கிளி, நரி, எலி, முயல், புறா என்று பார்த்தால் புறா மட்டும் கொஞ்சம் இடிக்கிறது. இப்படிப் பொறுக்கிப் பார்த்தாலே ஒரு மத்தியானம் போகும், நல்ல மத்தியானமாகப் போகும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'ஹோஸ்ட்நேம்சிடிஎல்' கட்டளையில் 'பிரிட்டி' என்று இரண்டாவதாக ஒரு பெயர் வைக்க இடம் உண்டு. அதில் எந்த மொழியும் எழுதலாம், இடைவெளியும் விடலாம். "ஜன்னலோர மயில்" என்று சுத்தமான தமிழிலேயே எழுதலாம். நெட்வொர்க் அதைக் கண்டுகொள்ளாது, நாம் கண்டுகொள்ளலாம்.

இதற்கு ஸ்டாஃப் பக்கத்திலிருந்து என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். இரண்டு பேரிடம் பேசியும் பார்த்தேன். ஒருவர், "எண் போட்டால் போதாதா, பிசி ஒன்று முதல் முப்பது வரை?" என்றார். நியாயமான பேச்சு. ஆயிரம் இரண்டாயிரம் சர்வர் உள்ள இடத்தில் யாரும் மயில், கிளி என்று வைக்க மாட்டார்கள், அங்கே எண்தான் முறை. அமேசான் கிளவுடில் லினக்ஸ் சர்வர் ஒன்று எடுத்தால் ஐபி முகவரியையே பெயராக வைத்துத் தருவார்கள், வேலை முடிந்ததும் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுப்பார்கள். ஆனால் நம் லேபில் மெஷின்கள் அப்படி வந்து போகிறவை அல்ல. பத்து வருஷம் உழைக்கிறவை. எண் போட்ட ஸ்டிக்கர் உரிந்து போகும், கீபோர்டு மாறும், டேபிள் மாறும், பதினேழு இருந்த இடத்தில் இருபத்தொன்று உட்கார்ந்திருக்கும். பெயர் என்றால் மனதில் நிற்கும். "நரி மறுபடியும் ஹேங் ஆயிடுச்சு சார்" என்றால் எது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எண்ணே போதும் என்று முடிவானால் எனக்கு வருத்தமில்லை. ஒரே பெயர் என்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இன்னொருவர், "பசங்க கையில ரூட் கொடுத்தா லேபே காலி" என்றார். இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் முதல் வாரமே கொடுப்பார்கள். அங்கே நாலு வருஷம் இன்ஜினீயரிங் படித்தவர்களும் வருவார்கள். அவர்களில் பலர் வீட்டில் சொந்த மெஷினில் பத்துத் தடவை லினக்ஸைக் கெடுத்து மறுபடி போட்டவர்கள். நமக்குக் கெடுத்துப் பழக ஒரு இடம் வேண்டாமா? பிசகினாலும் இரண்டு வரி ஃபைல்தானே, திருத்த ஒரு நிமிடம். அதுவும் பயமாக இருந்தால் விர்ச்சுவல் மெஷினில் முதலில் பழகட்டும், பிறகு நிஜத்தில் செய்யட்டும். ஒரு சனிக்கிழமை, மேடமோ சாரோ பக்கத்தில் இருக்க, பேட்ச் பேட்சாக முப்பது மெஷின். ஒவ்வொருவரும் ஒரு மெஷினில் இரண்டு ஃபைலையும் திருத்தி, ரீபூட் செய்து, எழுந்து வரும்போது அது தன் புதுப் பெயரைச் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும். ரெக்கார்டு நோட்டில் அந்த அவுட்புட் முப்பது விதமாக இருக்கும்.

துறைத் தலைவரிடம் சங்கத்தின் மூலம் மனு கொடுத்திருக்கிறோம். பெயர்ப் பட்டியலோடு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். சங்க அறையில் மேஜை மேல் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். இதுவரை பத்தொன்பது பெயர் சேர்ந்திருக்கிறது. எந்தத் துறையினராக இருந்தாலும் வந்து எழுதலாம். நிபந்தனை மூன்றுதான். விண்டோஸிலும் அதே பெயர் வர வேண்டும் என்பதால் பதினைந்து எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் ஒரே விதமாகத்தான் எழுத முடிய வேண்டும். நடிகர், தலைவர், சாதி, ஊர், காதலி பெயர் எதுவும் கூடாது. கடைசி நிபந்தனையை மீறி ஏற்கெனவே நான்கு பேர் எழுதிவிட்டார்கள், யார் யார் என்பது கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அடித்துவிட்டோம். இன்னும் பதினோரு மெஷின் பாக்கி.